குப்பை வண்டி ஏற்காத பொருள்கள்

பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தால் இரண்டு வாளிகளோடு வாசலுக்குப் போவது தமிழ்நாட்டு நகரங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. மக்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கு, மக்காத குப்பை நீலத் தொட்டிக்கு. தரம் பிரிப்பதைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இன்று சொல்லத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இந்த இரண்டு வாளிகளுக்குள்ளும் சேராத பொருள்கள் மிஞ்சிக் கிடக்கின்றன. மேசை இழுப்பறையில் தீர்ந்துபோன ரிமோட் பேட்டரிகள். பரணில் சுவரோரம் சாய்த்துவைத்த ட்யூப்லைட். ஃப்ரிட்ஜ் கதவில் தேதி முடிந்த சிரப். கட்டிலுக்கு அடியில் பழைய செல்போனும் அதன் சார்ஜரும். பால்கனியில் பஞ்சு பிதுங்கிய மெத்தை, டிவி வாங்கியபோது வந்த தெர்மாகோல் அட்டை.

இவற்றை வண்டியில் போட்டால் தூய்மைப் பணியாளர் வாங்க மறுக்கிறார். கறுப்புக் கவரில் சுற்றி மறைத்துப் போட்டால் அவை சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கோ, அந்தந்த ஊரின் குப்பைக் கிடங்குக்கோ போய்ச் சேருகின்றன. இரண்டுக்கும் மனம் வராதவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணமுள்ள ஒரு குடும்பம், வேண்டாத பொருளைச் சரியான இடத்தில் சேர்க்க வழி தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பரணில் அடுக்கிவைத்திருக்கிறது என்றால் குறை அந்தக் குடும்பத்தினுடையதாக இருக்க முடியாது. பொருள் வீட்டுக்குள் வரும் பாதையைச் செப்பனிட்ட நாம், அது வெளியே போகும் பாதையைப் போடாமலே விட்டிருக்கிறோம். அந்தப் பாதை எங்கெங்கே அறுந்திருக்கிறது, எங்கே ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது, எப்படி முழுமையாக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி உண்டு, வழி இல்லை

மத்திய அரசு 2016 ஏப்ரலில் அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்குவது, மக்காதது ஆகிய இரண்டோடு, வீட்டில் உண்டாகும் அபாயகரமான கழிவு என்பது மூன்றாவது. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, சி.எஃப்.எல். பல்பு, ட்யூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இவற்றை ஒப்படைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும் என்ற பொறுப்பும் உள்ளாட்சிகளுக்கு அப்போதே தரப்பட்டது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் பிரிவை நான்காக்கியுள்ளன: ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பழைய விதிப்படியே பார்த்தாலும் 22 மையங்கள் இருந்தாக வேண்டும். தன் பகுதியின் மையம் எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 சதுர கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். மூன்று ரிமோட் பேட்டரிகளைக் கொடுப்பதற்காக அவ்வளவு தூரம் போய்வர யாருக்கும் கால் எழாது. விதியை எழுதியவர்கள் மையத்தை நினைத்துப் பார்த்தார்கள், அங்கே போக வேண்டிய மனிதரை நினைக்கவில்லை.

வண்டி இவற்றை ஏற்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன. அழுத்தி நெருக்கும் லாரிக்குள் ட்யூப்லைட் உடைந்தால் பாதரச ஆவி வெளியேறும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்தத் தீயைத் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்கவும் முடியாது. ஊசி இருந்தால் பணியாளர் கையில் ஏறும். தெர்மாகோலை ஏற்றினால் எடை இல்லாமலே வண்டி நிறைந்துவிடும். எனவே மறுப்பதில் நியாயம் உண்டு. மறுத்த பிறகு வேறு வழி காட்டாததுதான் குறை.

வண்டி ஏற்காத பொருள்களை மூன்றாக வகுத்துப் பார்த்தால் சிக்கலின் வடிவம் துலங்குகிறது. விலை போகிறவை, விலை போகாத நஞ்சுகள், நஞ்சாக இல்லாவிட்டாலும் இடத்தை அடைப்பவை.

விலை போகிறவை: காயலான் கடையின் இரு முகங்கள்

பித்தளை, இரும்பு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் எடைக்கு எடை பணம் தரும் காயலான் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அரசு எந்தத் திட்டமும் போடுவதற்கு வெகு காலம் முன்பே மறுசுழற்சியை ஒரு தொழிலாக நடத்திவந்தவர்கள் இவர்கள். தள்ளுவண்டியில் பேப்பர் வாங்க வருபவர், அவரிடம் எடுக்கும் சிறு கடைக்காரர், அவரிடமிருந்து லாரி கணக்கில் எடுக்கும் மொத்த வியாபாரி, கடைசியில் ஆலை. இந்தச் சங்கிலி இல்லாவிட்டால் நம் நகரங்கள் என்றோ மூச்சுத் திணறியிருக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களும், ரிச்சி தெருவில் பழுதுபார்த்த மின்னணுப் பொருள்களும் மறுவாழ்வு பெறுவது இந்த அறிவின் பலத்தில்தான்.

ஆனால் விலை என்பது பொருளின் ஒரு பகுதிக்கு மட்டுமே கிடைக்கிறது. பழைய ஃப்ரிட்ஜில் கடைக்காரருக்கு வேண்டியது கம்ப்ரசரில் உள்ள செம்பும் வெளித்தகடும். கம்ப்ரசர் குழாயை அறுத்ததும் குளிரூட்டும் வாயு சீறிக்கொண்டு காற்றில் கலக்கிறது, சுவருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு குப்பைமேட்டுக்குப் போகிறது. மின்கம்பியில் வேண்டியது செம்பு. மேலுள்ள பிளாஸ்டிக்கை உரிக்க நேரமாகும் என்பதால் வெட்டவெளியில் கொளுத்துகிறார்கள், கரும்புகையைச் சுவாசிப்பவர் அதைக் கொளுத்துகிறவரேதான். சர்க்யூட் போர்டில் வேண்டியது மிகச் சிறிதளவு தங்கம். அதை எடுக்க அமிலம், அமிலம் வடிய சாக்கடை. பழைய குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புச் சுருளை எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கண்ணாடியை வாங்க ஆளில்லை.

உலக அளவில் நிலைமை இதுதான். 2024-ல் வெளியான ஐ.நா. சார்பு மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி 2022-ஆம் ஆண்டில் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சியானதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களை உள்ளடக்குகின்றன. முன்பிருந்த விதிகளில் இருந்தவை 21 மட்டுமே. எந்த நிறுவனம் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறதோ அதுவே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது இவ்விதிகளின் அடிப்படை. நல்ல கொள்கைதான். நடைமுறையில் நிறுவனங்கள் இந்தக் கடமையைச் சான்றிதழ் வாங்கி நிறைவேற்றுகின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை தான் பிரித்தெடுத்த உலோகத்துக்கு ஏற்ப சான்றிதழ் உருவாக்குகிறது, நிறுவனம் அதை விலை கொடுத்து வாங்குகிறது. சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்குக்குத்தான். ஏற்கெனவே காயலான் கடையில் விலை போகிற அதே உலோகங்கள். கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இங்கேயும் கணக்கில்லை. ஆலைகளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கட்டும் என்று 2024-ல் வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் குறைந்தபட்சத் தொகையாக நிர்ணயிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு கிலோ கழிவைக் கண்ணியமாகக் கையாள 22 ரூபாய் அதிகம் என்று வாதிடுபவர்கள், அந்தச் செலவை இதுவரை யார் தலையில் கட்டினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதைச் சுமந்தவை கம்பியைக் கொளுத்தும் தொழிலாளியின் நுரையீரலும் அவர் வாழும் தெருவின் நிலத்தடி நீரும்.

இன்வெர்ட்டர் பேட்டரி இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. புதியது வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறார். அதனால் ஈய பேட்டரி எந்த வீட்டின் குப்பைத்தொட்டியிலும் கிடப்பதில்லை. விற்ற இடமே திரும்பப் பெறும் இடமாகவும் இருந்தால் பொருள் தானாகத் திரும்பும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று இது. திரும்பிய பேட்டரி முறையான ஆலைக்குப் போகாமல் ஊரோரக் கொட்டகையில் உருக்கப்பட்டால் ஈயப்புகை குழந்தைகளின் மூளையைத் தாக்கும் என்பதும் உண்மை. பாதையின் முதல் பாதி போடப்பட்டிருக்கிறது, மறுபாதிக்குக் கண்காணிப்பு தேவை.

விலை போகாத நஞ்சுகள்

ட்யூப்லைட்டை எடுத்துக்கொள்வோம். நான்கடி நீளக் கண்ணாடிக் குழாய், இரு முனைகளிலும் அலுமினிய மூடி, உள்சுவரில் வெள்ளைப் பொடிப் பூச்சு, அதோடு சில மில்லிகிராம் பாதரசம். இவை எவற்றுக்கும் காயலான் கடையில் விலை இல்லை. ஒரு விளக்கில் உள்ள பாதரசம் கொஞ்சம்தான். அடைத்த அறையில் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் விலகி இருந்து, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து மூடிவைத்தால் போதும். ஆயிரக்கணக்கான விளக்குகள் ஓரிடத்தில் நொறுங்கும்போதுதான் அளவு மாறுகிறது.

பாதரசம் காயலான் கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அறியும். கொடைக்கானலில் இந்துஸ்தான் யுனிலீவரின் வெப்பமானி ஆலையிலிருந்து வந்த, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன், 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் மக்கள் நடமாட்டமுள்ள ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் அதை வெளிக்கொணர்ந்த பிறகு ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 290 டன் கழிவு 2003-ல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது ஆலைக் கழிவு, வீட்டுக் கழிவு இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றுதான்: நஞ்சுள்ள பொருளுக்கென்று தனிப்பாதை இல்லாவிட்டால் அது பழைய சாமான் வியாபாரத்தின் பாதையிலேயே போகும். அங்கே வேலை செய்பவருக்குத் தான் கையில் அள்ளுவது என்னவென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018 முதல் இருக்கிறது. அதன்படி இவ்வகை விளக்குகளின் உற்பத்தி 2027-க்குள் நிற்க வேண்டும். எல்.இ.டி. வந்துவிட்டதால் புதியவை குறைந்துவிட்டன. பரணில் இருக்கும் பழையவை வெளியே வர வேண்டிய காலம் இதுதான். இந்தச் சில ஆண்டுகளில் ஒழுங்காக ஒரு முறை வசூலித்துவிட்டால் இந்தச் சிக்கல் ஏறக்குறைய முடிந்துவிடும்.

பேட்டரிகள் அப்படி முடியாது, பெருகத்தான் செய்யும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் கடிகார பேட்டரி முதல் மின்சார வாகன பேட்டரி வரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. முன்வைப்புத் தொகை வாங்கித் திருப்பித் தரும் முறையை நிறுவனங்கள் நடத்தலாம் என்றும் அவை இடம் தருகின்றன. லித்தியம் பேட்டரியில் கோபால்ட், நிக்கல் இருப்பதால் அதற்குச் சந்தை உருவாகிவருகிறது. ரிமோட்டில் போடும் சாதாரண பேட்டரியில் இருப்பது துத்தநாகமும் மாங்கனீசும், அவற்றுக்காக யாரும் வாசலுக்கு வருவதில்லை. வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. தீர்ந்த பேட்டரிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைப்பது, லித்தியம் பேட்டரியின் முனைகளில் செலோடேப் ஒட்டுவது, உப்பிய செல்போன் பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல், வெயில் படாமல் தனியே வைத்துச் சீக்கிரமே சேவை மையத்தில் கொடுப்பது.

ஊசிகளைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரை அளவு பார்க்கக் குத்தும் ஊசியும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவமனை ஊசிக்குத் தனிச் சட்டம், தனி நிறப் பெட்டி, தனி வாகனம் உண்டு. அதே ஊசி வீட்டில் பயன்பட்டால் நேரே குப்பைக் கவருக்குள் போகிறது. கையுறை போட்டும் போடாமலும் குப்பையைப் பிரிக்கும் பெண்ணின் விரலில் அது ஏறும்போது, யாருடைய ரத்தம் அதில் இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, மூடியைத் திருகி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி ஒட்டிப் பணியாளரிடம் சொல்லிக் கொடுப்பது ஒவ்வொரு நீரிழிவுக் குடும்பமும் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று.

மருந்துகளின் கதையும் இதுதான். மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் கழிவறையில் கொட்டினால் அது நீரில் கலந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரத் துணைபோகிறது. குப்பையில் போட்டால் குழந்தை கையிலோ மாட்டு வாயிலோ அகப்படலாம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தவறான கைக்குப் போனால் உயிருக்கே ஆபத்தான 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் கொட்டச் சொல்கிறது. மற்றவற்றைத் திரும்பப் பெற்று முறைப்படி அழிக்க வேண்டும். கேரளம் அதே ஆண்டு பிப்ரவரியில் கோழிக்கோட்டில் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கி, வீடுகளிலிருந்தும் நீல நிறப் பெட்டிகள் மூலமும் பயன்படாத மருந்துகளைச் சேகரிக்கிறது. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ஒவ்வொன்றின் கல்லாவுக்கு அருகிலும் ஒரு பூட்டிய பெட்டி வைப்பது பெரிய காரியமில்லை.

இடத்தை அடைப்பவை

இந்த வகைக்குள் முழுதாக அடங்காத ஒன்றிலிருந்து தொடங்கலாம். சானிட்டரி நாப்கினை வண்டி மறுப்பதில்லை, ஆனால் எந்த வாளியில் போடுவது என்பதில் தெளிவில்லை. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்தது பெரும் நன்மை. கோவை அ. முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனதும் அப்படியே. கடைகளில் விற்கும் பெரும்பாலான நாப்கின்களில் பிளாஸ்டிக்கும் உறிஞ்சும் ஜெல்லும் கலந்திருப்பதால் அவை மக்குவதில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை தரும் கடமையை 2016 விதிகள் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தந்தன. புனேயில் கழிவு சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச்ச், நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துத் தனியே தரும்படி வீடுகளைக் கேட்டுக்கொண்டது. பிரித்துப் பார்த்து அறிய வேண்டிய இழிவிலிருந்து அந்தப் பெண்களை ஒரு சிவப்புப் புள்ளி காப்பாற்றுகிறது. செலவே இல்லாத இந்த மரியாதையை எல்லா ஊர்களும் பின்பற்றலாம்.

பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்கள் தெருவில் வந்துகொண்டிருந்தவரை துணி ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. இன்று துணி மலிந்துவிட்டது, ஒரு குடும்பம் கழிக்கும் அளவும் பெருகிவிட்டது. உடுத்தக்கூடிய நிலையில் உள்ளதைத் துவைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள கூஞ்ச் போன்ற அமைப்புகள் உண்டு. கிழிந்ததைக் கொடுப்பது தானமாகாது, நம் குப்பையை இன்னொருவர் வாசலில் வைப்பதாகும். கிழிந்த பருத்தியை நூலாக மீட்கும் திறன் திருப்பூர், கோவை வட்டாரத்து ஓப்பன் எண்ட் நூற்பாலைகளுக்கு இருக்கிறது. பனியன் வெட்டுத் துணியிலிருந்து அவை நூல் எடுத்துவருகின்றன. வீட்டுத் துணியில் பாலியஸ்டர் கலந்திருப்பது, ஜிப்பும் பொத்தானும் இருப்பது, நிறவாரியாகப் பிரிக்க ஆளில்லாதது ஆகியவைதான் தடை. ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, இடையில் பிரித்துத் தரும் கைகள்தான் இல்லை.

மெத்தை, சோபா, உடைந்த மேசை ஆகியவை இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையில் கிடத்தப்படுவதைச் சென்னைவாசிகள் அறிவார்கள். மாநகராட்சி 2025 அக்டோபர் முதல் சனிக்கிழமைகளில் இவற்றை வீட்டுக்கே வந்து எடுத்துச்செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. 1913 எண்ணில் அழைத்துப் பதிவுசெய்யலாம். வரவேற்க வேண்டிய தொடக்கம். எடுத்துப்போன மெத்தையின் இரும்புச் சுருளும் பஞ்சும் பிரிக்கப்படுகின்றனவா, மொத்தமாக எரிக்கப்படுகின்றனவா என்பதையும் மாநகராட்சி மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

தெர்மாகோலின் கொள்ளளவில் 95 விழுக்காட்டுக்கும் மேல் காற்று. மறுசுழற்சி செய்ய முடியாத பொருள் என்று அதைச் சொல்வது தவறு. சூடாக்கி அழுத்திக் கட்டியாக்கினால் புகைப்படச் சட்டம் முதல் பல பொருள்கள் செய்யலாம். காற்றைச் சுமந்துபோக லாரி வாடகை கொடுக்க யாரும் முன்வராததுதான் பிரச்சினை. அழுத்தும் இயந்திரம் வட்டாரத்துக்கு ஒன்று இருந்தால் கணக்கு மாறிவிடும். டிவியையும் ஃப்ரிட்ஜையும் வீட்டில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கடை வண்டி, அட்டையையும் தெர்மாகோலையும் அப்போதே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று விதி செய்தால் இன்னும் எளிது.

பிஸ்கட் உறை, சிப்ஸ் பை, ஷாம்பு சாஷே ஆகியவை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியவை. அவற்றைப் பிரிக்க முடியாது, எடையும் இல்லை, காயலான் கடையில் விலையும் இல்லை. மறுசுழற்சி செய்ய இயலாத இவ்வகை உறைகளை இரண்டு ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்று 2016 பிளாஸ்டிக் விதிகள் சொல்லின. 2018-ல் வந்த திருத்தம், எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலும் போதும் என்ற பொருளில் அதைத் தளர்த்திவிட்டது. எரியாத பிளாஸ்டிக் எது? அந்த ஒரு சொற்றொடரால் விதியின் உயிரே போய்விட்டது. இன்று இவ்வுறைகளில் ஒரு பகுதி அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியச் செய்து தாருடன் கலக்கும் முறையை உருவாக்கி 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். தேசிய நெடுஞ்சாலைகளிலும் அம்முறை ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டும் குப்பைமேட்டை விட மேலானவை. ஆனால் சாலைக்கும் உலைக்கும் போன பொருள் மீண்டும் பொருளாக வருவதில்லை. அவற்றைக் காரணம் காட்டி உறை உற்பத்தியைப் பெருக்க இடம் தரக் கூடாது. கொடுங்கையூரில் எரிஉலை வருவதை எதிர்த்து 2025-ல் மனிதச் சங்கிலியாக நின்ற மக்களின் கேள்வியும் இதுதான்: நகரம் முழுவதும் வாங்கித் தின்றதன் புகையை வடசென்னை மட்டும் ஏன் சுவாசிக்க வேண்டும்?

பொரித்த எண்ணெய் சிறு விஷயம்போலத் தெரியும். சாக்கடையில் ஊற்றினால் கொழுப்பு படிந்து குழாய் அடைக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கிய திட்டம் ஓட்டல்களின் எண்ணெயை உயிரி டீசலுக்குத் திருப்புகிறது. வீடுகளின் சிறு அளவை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் ஒரு கேனில் சேர்த்தால் ஓட்டல்களில் எண்ணெய் சேகரிக்கும் வாகனமே வந்து எடுத்துக்கொள்ளும் அளவு சேர்ந்துவிடும்.

திரும்பும் பாதைகள்

பொருளைத் திரும்ப வரவைக்கும் வழிகள் பரிசோதித்துப் பார்க்கப்பட்டவைதாம். முதலாவது, முன்வைப்புத் தொகை. நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுப் புட்டிகள் யானைகளின் பாதத்தைக் கிழித்ததைத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பின. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. குடித்துவிட்டு எறிபவரை அறிவுரை மாற்றவில்லை, 10 ரூபாய் மாற்றியது. எறிந்தவர் எடுக்காவிட்டாலும் இன்னொருவர் எடுத்துவந்து கொடுத்துக் காசு பெறுகிறார். கடை ஊழியர்கள் இடமும் ஆளும் போதவில்லை என்று போராடியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரும்பப் பெறும் வேலைக்குக் கூலியும் இடமும் ஒதுக்காமல் அதை யார் மேலாவது சுமத்தினால் திட்டம் நிலைக்காது.

இரண்டாவது, விற்றவரே திரும்பப் பெறுவது. ஜப்பானில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் ஏ.சி., டிவி, ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு தயாரிப்பாளரிடம் சேர்க்கக் கட்டாயப்படுத்துகிறது. கழிப்பவர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். கழிக்கும்போது பணம் கேட்டால் நம் ஊரில் பொருள் கால்வாய்க்குத்தான் போகும். ஆகவே இங்கே அந்தத் தொகையை வாங்கும் விலையிலேயே சேர்த்துவிட்டு, திருப்பித் தரும்போது கொஞ்சம் கையில் கொடுப்பதே பொருந்தும்.

மூன்றாவது, நாள்காட்டி. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடுவீடாகச் சென்று மக்காத கழிவை மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு எடுக்கிறது. பிளாஸ்டிக் தவறாமல் வசூலாகிறது. கண்ணாடி, செருப்பு, பை, துணி, மின்கழிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி மாதங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த மாதம் செருப்பு என்று தெரிந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரே வகைப் பொருள் ஒரே நேரத்தில் மொத்தமாகச் சேர்வதால் வாங்கும் ஆலைக்கும் லாரிக்கும் கட்டுப்படியாகிறது. விலையில்லாப் பொருளுக்கு விலை வருவது இப்படித் திரளும்போதுதான்.

செய்ய வேண்டியவை

இந்த மூன்று வழிகளையும் தமிழ்நாட்டுக்குப் பொருத்தினால் வடிவம் தெளிவாகிறது. மருந்துக்கடையில் மருந்துக்கும் ஊசிக்கும் பெட்டி. மின்சாமான் கடையில் விளக்குக்கும் பேட்டரிக்கும் பெட்டி. செல்போன் கடையில் செல்போனுக்கும் சார்ஜருக்கும் பெட்டி. இவற்றை வைக்காத கடைக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டோம் என்று உள்ளாட்சி சொல்ல வேண்டும், நிரம்பிய பெட்டியை எடுத்துப்போகும் செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும். துணி, செருப்பு, தெர்மாகோல், மரச்சாமான் ஆகியவற்றுக்கு வார்டுவாரியாக நாள்காட்டி அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். காயலான் கடைக்காரர்களைத் திருடர்களைப்போல் பார்ப்பதை விட்டு, பதிவும் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் தந்து இந்த அமைப்பின் நடுவில் அவர்களை அமர்த்த வேண்டும். வீடுவீடாக வாங்கும் தொடர்பும் பொருளைப் பார்த்ததும் தரம் சொல்லும் அறிவும் அவர்களிடம் இருக்கின்றன. கோடி கொட்டினாலும் ஒரு நிறுவனம் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது.

வீடுகளின் பங்கும் உண்டு. ஒரு டப்பாவில் பேட்டரி, ஒரு பாட்டிலில் ஊசி, ஒரு பையில் மருந்து என்று பிரித்துவைப்பது நம்மால் ஆகும். வாங்கும் முன் கடைக்காரரிடம் "இது கெட்டுப்போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பதும் நம்மால் ஆகும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் தனக்குச் சரக்குக் கொடுக்கும் நிறுவனத்திடம் கேட்பார். ஆனால் இந்தப் பங்கைப் பெரிதாக்கிக் காட்டி, மக்கள் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவது பொறுப்பை இடம் மாற்றுவதாகும். சென்னை மட்டும் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறது. தனிமனிதரின் ஒழுக்கம் தாங்கக்கூடிய எடை அதுவல்ல.

ஒரு பொருளை விற்று லாபம் பார்ப்பவர் அதன் கடைசி நாள்வரை அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அது நம் தெருக்கடையின் கல்லா வரை வந்துசேரும்படி வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் விடாமல் கேட்பதே நாம் இப்போது செய்ய வேண்டியது.